கரைப்பதற்காக வளர்ப்பது

திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சாமி சாட்டியாகிவிட்டது என்றால், வீட்டுப் பெண்கள் முதலில் தேடுவது ஒரு நல்ல பாத்திரத்தை. முன்பெல்லாம் அடி அகன்ற மண்சட்டியும் மூங்கில் கூடையும். இப்போது அலுமினியத் தாம்பாளமும் பிளாஸ்டிக் பேசினும். அடியில் வைக்கோலைப் பரப்பி, சலித்த மண்ணையும் பொடித்த எருவையும் கலந்து நிரப்புவார்கள். தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, சோளம், கம்பு என்று வீட்டில் இருப்பதில் சொத்தை இல்லாததாகப் பொறுக்கி, முதல்நாளே ஊறப்போட்டு விதைப்பார்கள். பெரும்பாலும் அது செவ்வாய்க்கிழமையாக இருக்கும். அதன்பிறகு பாத்திரம் வெளிச்சம் படாத அறைக்குள் போய்விடும். காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளிக்க மட்டும் ஒருவர் உள்ளே போய் வருவார்.

இப்படி முளைப்பாரி வளர்ப்பது பார்ப்பதற்கு எளிது. செய்து பார்த்தால்தான் அதிலுள்ள கைப்பக்குவம் தெரியும். ஒரு கை தண்ணீர் கூடிப்போனால் வேர் அழுகி வாடை வந்துவிடும். ஒரு கை குறைந்தால் ஓரத்துப் பயிர் கட்டையாகவும் நடுப்பயிர் நெட்டையாகவும் நின்று பாரி சொட்டை விழுந்து காட்டும். அதனால் செம்பைச் சாய்த்து ஊற்றுவதில்லை. விரல்களை நனைத்து உதறுவார்கள். இருட்டில் பச்சையம் உண்டாகாது. வெளிச்சத்தைத் தேடித் தண்டு மட்டும் மளமளவென்று நீளும். எட்டு, ஒன்பது நாளில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் வெளிர் மஞ்சளாக அடர்ந்து நிற்கும் அந்தப் பயிரை ஊரே வந்து பார்க்கும். யார் வீட்டுப் பாரி சீராக வந்திருக்கிறது, யார் வீட்டில் இளைத்துவிட்டது என்று பேச்சு நடக்கும். பிறகு குலவையும் கும்மியுமாகத் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். கடைசியில் குளத்திலோ கிணற்றிலோ ஆற்றிலோ கரைத்துவிடுவார்கள்.

அவ்வளவுதான். அதை யாரும் சமைப்பதில்லை, விற்பதில்லை, மாட்டுக்குப் போடுவதற்காக எடுத்து வைப்பதுமில்லை.

இது என்ன வகை வேலை? வீட்டில் பொழுதுபோக்காகச் செடி வளர்ப்பவர் பூவையோ காயையோ எதிர்பார்க்கிறார். விவசாயி விளைச்சலை எதிர்பார்க்கிறார். முளைப்பாரி வளர்ப்பவர், எதிர்பார்க்கும் விளைவைத் தன் கையாலேயே தண்ணீரில் விடுவதற்காக வளர்க்கிறார். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு: வரும் பட்டத்துக்கு வைத்திருக்கும் விதை முளைக்குமா என்று பார்க்க முன்னோர் கண்ட சோதனை இது என்பார்கள். அதில் உண்மை இருக்கலாம். பாரி நன்றாக வந்தால் அந்த ஆண்டு வெள்ளாமை நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை இன்றும் இருக்கிறது. ஆனால் விதையைச் சோதிக்க ஈரத்துணியில் ஒரு பிடி முடிந்து வைத்தால் போதும். அதற்கு விரதம் எதற்கு, பாட்டு எதற்கு, நல்ல புடவை எதற்கு? பயனைக் காட்டித்தான் ஒரு வழிபாட்டுக்கு மதிப்புத் தேடித்தர வேண்டும் என்று நினைப்பதே, அந்த வழிபாட்டைச் செய்பவர்கள் ஒருபோதும் கேட்காத உதவி.

இது என்ன வகை வேலை என்ற கேள்வி மிகப் பழையது; திண்டுக்கல்லிலிருந்து வெகு தொலைவில், ஏதென்ஸ் நகரத்தில் ஒருமுறை எழுந்தது. அங்கே அடோனிஸ் என்ற இளந்தெய்வத்தின் விழாவுக்காகப் பெண்கள் உடைந்த மண்பாண்டங்களில் கோதுமை, பார்லி, கீரை வகைகளை விதைத்து வீட்டுக் கூரையில் வைப்பார்கள். சில நாளில் முளைத்து வாடும் அந்தப் பயிர்களை விழா முடிவில் கடலிலோ ஊற்றிலோ எறிவார்கள். பிளேட்டோ தன் ‘பைட்ரஸ்’ உரையாடலில் சாக்ரட்டீஸை இதைப் பற்றிப் பேச வைக்கிறார். அறிவுள்ள விவசாயி தான் அருமையாக நினைக்கும் விதையை இப்படி விதைத்து எட்டே நாளில் அது தழைப்பதைப் பார்த்து மகிழ்வானா என்று சாக்ரட்டீஸ் கேட்கிறார். அப்படியே செய்தாலும் விழாவுக்காக, விளையாட்டாகத்தான் செய்வான். மனம் வைத்துச் செய்யும்போது தகுந்த நிலத்தில் விதைத்து எட்டு மாதம் காத்திருப்பான் என்று அவரே பதிலும் எடுத்துக் கொடுக்கிறார். எழுத்தைப் பற்றிய வாதத்துக்கு ஓர் உவமையாகத்தான் அவர் இதைக் கொண்டுவந்தார். ஆனாலும் நடுவே ஒரு கோடு விழுந்துவிட்டது: ஒரு பக்கம் விளையாட்டு, மறுபக்கம் கருத்தான வேலை.

அந்தக் கோடு திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர், வேடசந்தூர் பக்கம் செல்லுபடியாகாது. அங்கே கடலைக் காட்டில் களை வெட்டுபவரும் சோளத்துக்கு உரம் வைப்பவரும் முளைப்பாரியை வளர்ப்பவரும் ஒரே பெண். எட்டு மாதப் பயிர் தெரியாத ஒருவர் எட்டு நாள் பயிரில் மயங்கிக் கிடக்கிறார் என்று அவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மழை பொய்ப்பது, குடகனாறு வறண்டு கிடப்பது, சந்தையில் விலை விழுவது எல்லாம் அவருக்கு அனுபவம். அவ்வளவும் தெரிந்த கைதான் இருட்டறையில் விரல் நனைத்துத் தண்ணீர் உதறுகிறது, வயலில் காட்டும் அதே கவனத்தோடு.

சாக்ரட்டீஸ் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்: விளையாட்டையும் முழு மனத்தோடு செய்யும் விவசாயியை எங்கே வைப்பது?

இதற்குப் பதிலாக நம்மூரில் சட்டென்று கீதையை எடுத்துக் காட்டுவார்கள். பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்பது மேடைதோறும் கேட்டுப் பழகிய பேச்சு. கேட்டுக் கேட்டு அது ஓர் அலட்சியத்தின் பெயராகவே ஆகிவிட்டது. வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்று இருப்பதைப் பற்றின்மை என்று நினைத்துக்கொள்கிறோம். முளைப்பாரி வளர்க்கும் வீட்டில் பத்து நிமிடம் இருந்தால் அந்த நினைப்பு உடைந்துவிடும். பயிர் ஓர் ஓரத்தில் கருகினால் அந்த வீட்டில் சோறு இறங்காது. என்ன குற்றம் நடந்தது, யார் தீட்டோடு உள்ளே போனது என்று விசாரணை நடக்கும். அம்மனிடம் அழுவார்கள். விளைவின் மீது இவ்வளவு தவிப்பு உள்ளவர்கள், விளைந்ததும் அதைத் தூக்கித் தண்ணீரில் விடுகிறார்கள். தவிப்பும் விடுதலும் ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் இருக்கின்றன. ஒன்று வந்ததால் மற்றது குறையவில்லை.

காந்தி கீதையை குஜராத்தியில் மொழிபெயர்த்து ‘அனாசக்தி யோகம்’ என்று பெயரிட்டார். தண்டி யாத்திரை புறப்பட்ட 1930 மார்ச் 12 அன்றே அந்த நூல் வெளிவந்தது. அதன் முன்னுரையில் அவர் இந்தத் தவறான புரிதலைப் பிடிக்கிறார். பலனைத் துறப்பது என்றால் பலனைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது என்று பொருளில்லை. எந்தச் செயலிலும் என்ன விளையும், அதற்கு என்ன வழி, தன்னால் அது ஆகுமா என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அந்த விளைவைத் தனக்கென்று ஆசைப்படாமல் செயலில் மூழ்கியிருப்பவரே துறந்தவர் என்பது அவர் வாதத்தின் சாரம். முளைப்பாரி பற்றி அவர் எழுதவில்லை. ஆனால் அவர் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான செயல்முறை கிடைப்பது அரிது.

வீட்டுக் கைவேலைகள் பலவற்றிலும் இந்தக் குணம் உண்டு. விடிகாலையில் வாசல் தெளித்துப் புள்ளிக்கோலம் போடும் பெண், எட்டு மணிக்குள் பால்காரரின் சைக்கிள் அதன்மேல் ஏறும் என்று தெரிந்தே புள்ளி தவறாமல் வைக்கிறார். மார்கழியில் சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூ வெயில் ஏறியதும் துவளும். நேர் எதிரான வேலையும் இருக்கிறது: திண்ணையில் உட்கார்ந்து வயர் கூடை பின்னுவது. நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண், பிஸ்கட் என்று பின்னலுக்கு ஏற்ற பெயர்கள். ஒழுங்காகப் பின்னிய கூடை இருபது வருஷம் உழைக்கும். பின்னியவர் போன பிறகும் மகள் வீட்டில் காய்கறி சுமக்கும். நிலைப்பதும் கரைவதும் ஒரே வீட்டில், ஒரே கையிலிருந்து வருகின்றன. அந்தக் கை இரண்டுக்கும் ஒரே அளவுதான் மெனக்கெடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய புராணமும் கைவேலையைக் கவனித்த நூல்தான். நேச நாயனார் அடியார்களுக்கு ஆடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்தவர். திருப்புகலூர் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று வகை பிரித்துப் பறித்து, வகைக்கேற்ற மாலை தொடுத்தவர். வைணவத்தில் பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்திருந்தார். தோட்டமும் தறியும் தொடுத்த பூவும் பக்திக்கு வெளியே இருக்கும் பொழுதுபோக்கு என்ற எண்ணம் இவர்களில் யாருக்கும் இல்லை.

ஆனால் இங்கே ஒரு முள் இருக்கிறது. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது.

நிலக்கோட்டை மல்லிகைக்குப் பேர்போன ஊர். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கப் போகிறார்கள். மலர்ந்துவிட்டால் விலை போகாது. அந்தப் பூ மார்க்கெட்டுக்கு வந்து, அங்கிருந்து பல வீடுகளுக்குப் போகிறது. பூக்கட்டுபவர் இரண்டு மொட்டை இந்தப் பக்கமும் இரண்டை எதிர்ப்பக்கமும் காம்போடு காம்பு சேர வைத்து, நாரை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுக்குள் இழுக்கிறார். இறுக்கினால் காம்பு அறும், தளர்த்தினால் பூ உதிரும். முருக நாயனார் செய்ததும் இதே வேலைதான். அந்தப் பெண்ணும் கட்டியதைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. யாருடைய கூந்தலுக்கோ எந்தச் சாமிக்கோ போகிறது. அப்படியானால் கூலிக்குக் கட்டும் அவரும் பற்றற்றவர் என்று சொல்லிவிடலாமா?

சொல்லக் கூடாது. அவர் அந்தச் சரத்தை விடவில்லை. அது ஒருபோதும் அவருடையதாக இருந்ததில்லை. எந்தப் பூ, எவ்வளவு நெருக்கம், எத்தனை முழம், எத்தனை மணிக்குள் என்பதெல்லாம் வேறு யாரோ முடிவு செய்தவை. பிறர் பசியால் கட்டும் மாலையில் துறவைக் கண்டு மெய்சிலிர்ப்பது, வசதியுள்ளவர்கள் ஆன்மிகத்துக்குச் செய்யும் பெரிய அநியாயம். விடுவதற்கு முன்னால் அது கையில் இருந்தாக வேண்டும். முளைப்பாரியில் மண்ணும் விதையும் நேரமும் அந்த வீட்டுக்காரருடையவை. அதனால்தான் அதைக் கரைப்பது ஒரு செயலாகிறது.

கூலி வேலையை ஒட்டிய ஒரு கேள்வியை நேருக்கு நேர் கேட்ட ஒருவர் பின்னாளில் திண்டுக்கல் மண்ணுக்கே வந்து சேர்ந்தார். திருவிதாங்கூரில் பிறந்த ஜி. ராமச்சந்திரன் 1924இல் சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த இருபது வயது இளைஞர். இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக 21 நாள் உண்ணாவிரதம் முடித்து டெல்லியில் இருந்த காந்தியைச் சந்தித்து, கலையைப் பற்றியும் இயந்திரங்களைப் பற்றியும் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அந்த உரையாடல் அந்த நவம்பரிலேயே ‘யங் இந்தியா’வில் வந்தது. எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று அவர் கேட்டபோது, இந்த உடம்பே நுட்பமான இயந்திரம்தானே, ராட்டையும் இயந்திரம்தானே, எப்படி எதிர்ப்பேன் என்று காந்தி சிரித்தார். ஆயிரக்கணக்கானோரைத் தெருவில் தள்ளிவிட்டு உழைப்பை மிச்சப்படுத்தும் வெறியைத்தான் எதிர்க்கிறேன் என்றார். விதிவிலக்காக அவர் எடுத்துச் சொன்னது சிங்கர் தையல் இயந்திரம். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலித்துப்போவதைப் பார்த்து, அவள்மேல் வைத்த அன்பால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தி கண்ட விளக்கம்.

கைவேலையின் மேன்மையைப் பேசப் போன இடத்தில், கைவேலை ஒருவரை வதைக்கவும் செய்யும் என்பதைக் காந்தியே ஒப்புக்கொண்ட இடம் அது. யாருடைய கை, யாருடைய விருப்பம், யாருக்கு ஓய்வு என்று கேட்டபிறகுதான் கைவேலையைப் போற்ற முடியும்.

அந்த இளைஞரும் அவருடைய மனைவி டாக்டர் டி. எஸ். சௌந்திரமும் 1947இல், சின்னாளப்பட்டியை ஒட்டி, திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இடம் நல்ல இடம். சின்னாளப்பட்டி தறிச்சத்தம் ஓயாத ஊராக இருந்தது. சுங்குடிக்கும் சேலைக்கும் பெயர் பெற்றது. நூற்பும் நெசவும் அங்கே வீட்டுப் பொழுதுபோக்கு கிடையாது, அடுப்பெரியும் வழி. பாவு போடுவது, நூல் சுற்றுவது, சாயம் தோய்ப்பது எல்லாவற்றிலும் குடும்பமே இறங்கும். சின்னதாகத் தொடங்கிய அந்தப் பணி 1956இல் கிராமியக் கல்வி நிறுவனமாகி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் ஆனது.

இனி, தத்துவத்தின் பக்கம் ஒருமுறை திரும்ப வேண்டும். ஏனென்றால் விளையாட்டா, பயனா என்ற இந்த வழக்கைத் தமிழ்ச் சைவம் கடவுளையே நிறுத்தி விசாரித்திருக்கிறது. எல்லாம் நிறைந்த இறைவன் எதற்காக உலகைப் படைத்துக் காத்து அழிக்கிறான்? தேவை இருந்ததால் என்றால் அவன் குறையுள்ளவன் ஆகிறான். தேவையில்லாமல் என்றால் வேலை வீணாகிறது. பிரம்ம சூத்திரம் இதை விளையாட்டு என்று சொல்லி முடித்தது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாசாரியார் வேறு மாதிரி நடந்துகொண்டார். இறைவனின் விளையாட்டு என்றும் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டு, உயிர்களுக்குப் போகமும் வீடும் தரவும் அவற்றின் மலங்களைத் துடைக்கவும் என்றும் சொல்லலாம் என்று பக்கத்திலேயே இன்னொரு விடையை வைத்தார். ஒன்றால் மற்றதை அடித்துத் தள்ளவில்லை. பிளேட்டோ போட்ட கோட்டை இங்கே காணோம்.

இதே விஷயத்தை மதுரை கதையாகச் சொல்லும். வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஒரு பங்கு கரை அடைக்க வேண்டும். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கு ஆளில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு சிவன் கூலியாளாக வருகிறான். மண் சுமக்கிறான், நடுவே ஆடுகிறான், பாடுகிறான், படுத்துத் தூங்குகிறான். வேலை நடக்கவில்லை என்று பாண்டியன் பிரம்பால் அடிக்க, அடி எல்லா உயிர்மேலும் விழுகிறது. வேலையிலிருந்து விளையாட்டைப் பிரம்பால் பிரிக்க நினைத்த அரசனின் முதுகிலும் விழுந்தது அந்த அடி. துணைக்கு ஆளில்லாத கிழவிக்குத்தான் அவன் கூலியாளாக வந்தான் என்பதைக் கதை கேட்பவர்கள் மறப்பதில்லை.

மறப்பது ஊர்தான். கைவேலை ஒரு வழிபாடு என்றால் எந்தக் கையும் அதற்குத் தகுதிதானே? பல ஊர்களில் முளைப்பாரி வளர்க்கவோ தலையில் தூக்கவோ கணவனை இழந்த பெண்களை விடுவதில்லை. சுமங்கலிகளுக்கும் கன்னிப்பெண்களுக்கும் உரியது என்று சொல்லிவிடுகிறார்கள். கணவனை இழந்தவர் வீட்டிலிருந்தும் தலைக்கட்டு வரி வாங்கப்படுகிறது, தானியமும் போகிறது. அந்தப் பெண் மட்டும் திண்ணையோடு நிறுத்தப்படுகிறார். விடுதல் என்றால் என்ன என்று அந்த ஊரில் யாரையும்விட நன்றாக அறிந்தவர் அவர்தான். பாட்டுக்கு மெட்டு எடுத்துக் கொடுப்பதும், எத்தனை கை தண்ணீர் என்று இளம்பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் பெரும்பாலும் அவரைப் போன்ற மூத்த பெண்களே. ஊர்வலத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை என்பதை எந்தத் தத்துவத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

காந்திகிராமத்தைத் தொடங்கிய சௌந்திரம் சிறுவயதில் மணமாகி, இளம்வயதிலேயே கணவரை இழந்தவர். டெல்லியில் மருத்துவம் படித்து 1936இல் டாக்டரானார். 1940இல் ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். ஆத்தூர்த் தொகுதி மக்கள் 1952இல் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1962இல் திண்டுக்கல் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. தங்கள் ஊருக்குப் பேச ஒரு காலத்தில் கைம்பெண்ணாக இருந்தவரைத் தேர்ந்தெடுக்க இந்த வட்டாரத்துக்குத் தயக்கம் இருக்கவில்லை. 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், ஈரோடு மாவட்டத்துக் கோயில் ஒன்றின் வழக்கில், கணவனை இழந்தவர் என்பதற்காக ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் போகவிடாமல் தடுக்கக் கூடாது என்று கடுமையாகவே சொன்னது. அந்த உத்தரவு கோயில் வாசலைப் பற்றியது. முளைப்பாரிப் பாத்திரம் யார் யார் வீட்டுக்குப் போகும் என்பது சாட்டுதலுக்கு முன் கூடும் ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவாவது. வரி எவ்வளவு, மேளம் யார், ஊர்வலம் எந்தத் தெரு வழியாக என்று அங்கே ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். இதையும் அங்கேயே எழுந்து நின்று கேட்கலாம்.